துணை மாத்திரை

காபி நன்றாக இருக்கிறது சார். போலீஸ் ஸ்டேஷனில் இப்படி ஒரு காபியை நான் எதிர்பார்க்கவில்லை.

என் மனைவி தங்கபுஷ்பத்துக்கு ஆறு வருஷமாகப் பார்க்கின்சன் நோய். குளிப்பாட்டி, தலை வாரி, ஜாக்கெட் கொக்கி மாட்டி, சோறு ஊட்டி, எல்லாம் நான்தான். மயிலாப்பூரில் எங்கள் அபார்ட்மெண்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எதிர்வீட்டு வைதேகி மாமி லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "புஷ்பம் குடுத்துவெச்சவ. எங்காத்துலயும் இருக்காரே, ஒரு டம்ளரை நகர்த்த மாட்டார்" என்பாள். அந்த மாமாவைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

புஷ்பம் கெட்டிக்காரி இல்லை. நோய் வருவதற்கு முன்பே, பாண்டி பஜாரில் ரோட்டைக் கடக்க என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள்.

காலை எட்டு மணி மாத்திரையின் வேகம் பத்தரைக்கெல்லாம் அடங்கிவிடும். அடுத்த வேளை வரை மரக்கட்டைதான். போன மார்கழியில் அடையாறு டாக்டரம்மா சகினா, அதோடு சேர்த்துப் போட ஒரு துணை மாத்திரை எழுதினார். தினம் காலையில் ஒன்று. பழைய மாத்திரை கூடுதல் நேரம் வேலை செய்யும் என்றார். செய்தது. மூன்றே வாரத்தில் கொக்கியைத் தானே மாட்டினாள். ஒருநாள் என் கையிலிருந்து ஸ்பூனை வாங்கிக்கொண்டு, "விடுங்க, நானே சாப்பிடுதேன்" என்றாள். ஏதோ பட்டம் வாங்கியவள் போல ஒரு இளிப்பு. வேளச்சேரியில் இருக்கும் மகள் வீட்டுக்கு வாராவாரம் தனியாக ரயிலில் போக ஆரம்பித்தாள். மாமியும் இப்போது அவளைத்தான் மெச்சினாள்.

மாத்திரை டப்பாவை நிரப்புவது நான். துணை மாத்திரையை எடுத்துவிட்டு, அதே அளவில் வெள்ளையாக ஒரு வைட்டமின் போட்டேன். பழைய மாத்திரையைத் தொடவே இல்லை. ஒரு வேளைகூடத் தவறவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சில வாரத்தில் கை மறுபடி இறுகியது.

"ஏங்க, இந்த மாத்திரை இப்பம் கேக்கலையோ?"

"மாத்திரை கேக்குது. உனக்குத்தான் தைரியம் போதலை" என்றேன்.

நம்பினாள். தைரியத்தைக் காட்டத்தான் போன வியாழக்கிழமை பத்து மணிக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன்.

மந்தைவெளி ஸ்டேஷன் படிக்கட்டில் பாதி ஏறியதும் கால் ஒட்டிக்கொண்டது. மணி பத்து முப்பத்தைந்து. பின்னாலிருந்து "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினால் போதும், கால் பிரியும். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த வித்தை. நான் கீழே தூணோரம் நின்றேன். அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாதுதான். இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவாள் என்று பார்த்தேன். அவள், பக்கத்தில் ஏறிப்போன ஒரு காலேஜ் பெண்ணிடம், "தாயி, ஒரு கை குடேன்" என்றாள். அந்தப் பெண் காதில் பாட்டு.

பின்பக்கமாகச் சாய்ந்து என் காலடியில் வந்து விழுந்தாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

தள்ளிவிட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. மாத்திரையை மாற்றினேன். நேரம் பார்த்தேன். எண்ணாமல் நின்றேன். நீங்களே சொல்லுங்கள் சார், நான் இல்லாமல் அவளால் ஒரு படி ஏற முடிந்ததா?