டார்சிக்கு முன்னால் நின்றவன்

அக்னஸ் அம்மாள் செய்கிற முட்டைக்கோஸ் சுருளுக்கு எங்கள் ஊரில் ஈடு கிடையாது. வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்கு ஒரு சட்டி கொடுத்தனுப்புகிறார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் மகனுடைய முகத்தைத் துண்டால் அழுத்திப் பிடித்தபடி பனித்தரையில் மண்டியிட்டிருந்தேன் என்ற நன்றி. எனக்கு அது தொண்டையில் இறங்குவதில்லை.

குளிர்காலத்தில் எங்கள் ஊருக்கு ஐஸ் ஹாக்கியை விட்டால் வேறு நாதி இல்லை. அக்னஸின் மகன் டார்சி கோல் போடுகிறவன். ஓரெஸ்ட் ஆகிய நான் தடுக்கிறவன். எதிரணிக்காரன் கல் போன்ற ரப்பர் வட்டை அடிக்க மட்டையை ஓங்கினால் குறுக்கே விழுவது என் வேலை. பதினோரு வருடத்தில் மூன்று விலா எலும்பு, ஒரு கணுக்கால், பல் எத்தனை என்று ஞாபகமில்லை. ஆட்டம் முடிந்ததும் அன்று நன்றாக ஆடிய மூன்று பேரை நட்சத்திரங்கள் என்று ஒலிபெருக்கியில் அழைப்பார்கள். அந்தப் பதினோரு வருடத்தில் என் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டவன் இல்லை.

பிப்ரவரியில் ரெஜைனா நகரத்துப் பெரிய அணிக்கு ஆள் எடுக்கிறவர் ஒருவர் டார்சியின் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். உடை மாற்றும் அறையில் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். தடுக்க ஆளில்லாமல் அணி ஏது என்று கோச் மெர்வ் பேச்சுக்கு என்னையும் ஒரு வார்த்தை சொன்னார்.

"கோல் போடத்தான் கோச் ஆள் வேணும். குறுக்க விழறதுக்கு உருளைக்கிழங்கு மூட்டை போதும்" என்றான் டார்சி. "ஓரெஸ்ட் அண்ணனுக்குச் சோறு வேற போடணும், மூட்டைக்கு அதுகூட வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். டார்சிக்கு வாய்த்துடுக்கே தவிர, கெட்ட பையன் இல்லை.

அன்றைய ஆட்டத்தின் கடைசி நிமிடம், நாங்கள் ஒரு கோல் முன்னால். வந்தவர் பார்க்கட்டும் என்று மெர்வ் டார்சியையும் தடுப்புக்கு நிறுத்தினார். அவனுக்கு அந்த வேலை பழக்கமில்லை. பார்வையை மறைக்கிறது என்று முகக்கவசமும் போடமாட்டான். எங்கே நிற்பது என்று என்னைத்தான் கேட்டான்.

"என் முதுகுக்குப் பின்னாடியே நில்லு தம்பி. வர்றத நான் வாங்கிக்கறேன்."

நம்பி நின்றான். எதிராளி மட்டையை ஓங்கினான். வட்டு எந்த உயரத்தில் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு வருடமாக நான் படித்த படிப்பே அதுதானே. நான் விழவில்லை. இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.

டார்சியின் வலது கண் போய்விட்டது. ரெஜைனாவும் போய்விட்டது. "எல்லாத்தையும் தடுப்ப, அது ஒண்ணு தப்பிருச்சு. மனசுல வச்சுக்காதப்பா" என்று ஆஸ்பத்திரியில் அக்னஸ் அம்மாள்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

டார்சி இப்போது ஒலிபெருக்கி அறையில் உட்கார்ந்து பெயர்களை அறிவிக்கிறான். நேற்றைய ஆட்டத்தில் ஒன்பது தடவை வட்டை உடம்பில் வாங்கினேன். "முதல் நட்சத்திரம், நம்ம ஓரெஸ்ட் அண்ணன்" என்றான். ஊரே எழுந்து நின்று கைதட்டியது. நான் மட்டையை உயர்த்தினேன். எனக்கு அது பிடித்திருந்தது. அந்த வெட்கம் தாங்காமல்தான் விடிந்ததும் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அவனை அங்கே நிறுத்தியது நான். தெரிந்தே நகர்ந்ததும் நான். இதையும் சேர்த்து எழுதுங்கள்: அந்த இடத்தில் நிற்பவனுக்கு இவ்வளவு மதிப்பு உண்டென்று பதினோரு வருடத்தில் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால், நான் நகர்ந்திருக்கவே மாட்டேன்.