அவள் கையில் கட்டிய வாட்ச்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஃபேனை நிறுத்துங்கள்... காது கேட்க வேண்டும்.

ராத்திரி இரண்டரை மணி. பைபாஸ் ரோடு. ஈ காக்கா இல்லை. பனியனோடு ஒருவர் தன்னந்தனியாக நடந்து போகிறார்... என்னோடு வேலை பார்க்கும் நர்ஸின் அப்பா. முப்பது வருஷம் ராத்திரி பஸ் ஓட்டியவர். ரிட்டயர் ஆகியும் கண் மூட மாட்டேன் என்றது. பகலில் ஸ்கூல் வேன் ஓட்டினார்.

வெளியூரில் எங்களோடு இருக்கும் அந்த நர்ஸ் மகள் சும்மா விடுவாளா? தூக்கத்தை அளக்கும் வாட்ச் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். கணக்கெல்லாம் காலையில் அவள் போனுக்குப் போய்விடும்.

"ஆறு மணி நேரம் தூங்கலேன்னா வேன் சாவிய பிடுங்கிடுவேன்ப்பா!"

மனுஷர் கில்லாடி. மனைவி தூங்கியதும் வாட்சைத் தன் கையிலிருந்து கழற்றி மனைவி கையில் கட்டிவிட்டு ரோட்டில் நடக்கப் போய்விடுவார். அந்த அம்மா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். விடிவதற்குள் கழற்றிவிடுவதால் அவருக்கு எதுவும் தெரியாது. மகளுக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டாவது மாதம் அவள் பதறிப்போய் போன் செய்தாள்.

"அப்பா, தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. உடனே கிளம்பி வாங்க!"

எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள். யாருக்கு? இவருக்கு! நின்றது யார் மூச்சு என்று இவருக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வேன் சாவிக்காக... கட்டிய மனைவிக்குச் செய்கிற துரோகமா இது? எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

டெஸ்ட் எடுத்த மூன்றாவது வாரம் அந்த அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார்.

மகளும் உறவுக்காரர்களும் ஊருக்குத் திரும்பிய அன்று ராத்திரி. இவர் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். வாட்ச் இவர் கையில். பொட்டுத் தூக்கமில்லை. கட்டில் பக்கமிருந்து மெல்ல... மனைவி தேய்க்கும் மூட்டு வலித் தைல வாசனை. அப்புறம் குறட்டை. கர்ர்... கர்ர்... நின்றது. பத்து எண்ணினார். இருபது எண்ணினார். கட்டில் காலி. தன் கையைப் பார்த்தார்... அதுவும் காலி.

வாட்ச் தலையணை மேல் கிடந்தது. தொட்டால் கதகதப்பு. மனைவியின் ஒல்லிக் கைக்கு மாட்டுகிற துளையில் வார் இறுக்கி மாட்டியிருந்தது.

மகளைப் போனில் கூப்பிட்டார். ஒன்று விடாமல் சொல்லி அழுதார். அவள் கிசுகிசுத்தாள்:

"தெரியும்ப்பா. அம்மா வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க... மெதுவா பேசுங்க. இப்பதான் கண்ணசந்தாங்க."