பதினேழாவது தேவதையின் கன்னம்

…அளவெல்லாம் பார்க்காதீங்க தம்பி, எல்லாமே பெரிசுதான். ஷூவுக்கு மேலயே மாட்டிக்கோங்க. கம்பளிச் செருப்பு, கடிக்காது. ஆங்… தூக்கித் தூக்கி வைக்கக் கூடாது, தரையோட இழுத்து நடக்கணும். டியூக் அரண்மனைத் தரை இப்பிடிப் பளபளங்குதே, யாரு தேய்க்கிறதுன்னு நினைச்சீங்க? நீங்கதான். சீட்டுக்குக் காசும் குடுத்துட்டு, தரையையும் தொடச்சுட்டுப் போறீங்க. இது எந்த டியூக்குக்கும் தோணல, எங்க நிர்வாகத்துக்குத் தோணுச்சு.

உக்காருங்க. சுத்திக் காட்டுற யுட்டா உள்ள ஒரு கூட்டத்த வச்சுக்கிட்டு விளக்கம் சொல்லிட்டிருக்கா. டியூக்கோட படுக்கையறைக்குள்ள போயிட்டான்னா அவ லேசுல வெளிய வர மாட்டா.

குளிருதா? குளிரத்தான் செய்யும். இந்த ரூம்ல ஒரு கணப்படுப்பு இருந்துச்சு, பச்சை ஓடு பதிச்சது. பிடுங்கிட்டாங்க. அது கடைசி டியூக் வச்சதாம். இந்த மராமத்துக்காரங்களுக்கு மொத டியூக் காலம்தான் வேணுமாம். மொத டியூக் எப்பிடி நடுங்குனாரோ அப்பிடியே நானும் நடுங்கணும். அதுக்குப் பேரு புனரமைப்பு. கக்கூஸையும் விடல. மொத டியூக் காலத்துல அரண்மனைக்குள்ள கக்கூஸ் இல்லையாம், முற்றத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயிட்டாங்க.

அந்த மொத டியூக், ஃப்ரீட்ரிஷ் ஆன்டன்… அவரு கதையக் கேளுங்க. அண்ணன்காரன் அரண்மனை கட்டிட்டான்னு வயித்தெரிச்சல்ல கட்டுனது இது. அவரு ஆண்ட ரௌட்டன்ஸ்டைன் நாடே எவ்வளவு பெரிசுங்கிறீங்க? காலைல குதிரைல கிளம்புனா மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த நாட்டுல இருக்கலாம். அதுக்கு இம்மாம் பெரிய அரண்மனை! மேற்குச் செவுரு எழும்புறதுக்குள்ள கஜானா காலி. ஜன்னலுக்குக் காசில்ல. என்ன பண்ணாரு? செவுத்துல ஜன்னல வரைஞ்சு விட்டுட்டாரு! கண்ணாடி, திரைச்சீலை, எல்லாம் வர்ணத்துலயே. இப்ப இவங்க வந்து, பூதக்கண்ணாடியும் கையுமா, அந்த வரைஞ்ச ஜன்னலுக்கு வருஷக்கணக்கா மராமத்து பாக்குறாங்க. நிஜ ஜன்னல்? அந்தா, உங்க தலைக்கு மேல ஒழுகுது பாருங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அது வாளிக்கு உள்ள இடம்.

எங்க விட்டேன்? மூஞ்சி! இன்னும் சொல்லலையா? அதச் சொல்லத்தானே உங்கள உக்கார வச்சேன்.

நடன மண்டபத்துல கூரையச் சுத்தி சுதைல செஞ்ச தேவதைங்க இருக்கும். குட்டிக் குட்டியா, றெக்கையோட. கதவுல இருந்து எண்ணிட்டே வாங்க, பதினேழாவதுக்கு மட்டும் மூஞ்சி இருக்காது. அவிச்ச முட்டை மாதிரி மொழுமொழுன்னு இருக்கும்.

கிழக்கு ஜெர்மனியா இருந்தப்ப இந்த அரண்மனை எங்க கூட்டுப் பண்ணை கையில இருந்துச்சு. மண்டபத்துல உருளைக்கிழங்கு கொட்டி வச்சிருந்தோம். சிரிக்காதீங்க, நல்ல கிழங்கு. கூரை ஒழுகி ஊறிப்போய், ஒரு நாள் பதினேழாவது தேவதை தொப்புன்னு விழுந்துச்சு. தூள். எங்க வீட்டுக்காரரு லோட்டார்தான் பண்ணைக்குக் கொத்தனாரு. "நான் ஒண்ணு செஞ்சு வைக்கிறேன்"னாரு. அந்தக் காலத்துல ஜிப்சம் எங்க கிடைச்சுது? பல் டாக்டருக்கு ஒரு வாத்தக் குடுத்து, பல் அச்செடுக்கிற மாவ வாங்கிட்டு வந்தாரு. மூஞ்சிக்கு மாதிரி வேணுமே, என்னைய சமையக்கட்டு ஸ்டூல்ல உக்கார வச்சாரு. "அசையாத"ங்கிறாரு. அடுப்புல உருளைக்கிழங்கு உருண்டை கொதிக்குது, அசையாம எப்பிடி? கடைசில மேல ஏத்துனப்புறம் பார்த்தா… கன்னம் தம்பி, கன்னம்! ரெண்டு பக்கமும் ரெண்டு உருண்டைய ஒட்டி வச்சாப்ல. "யாரு கன்னம்யா இது?"ன்னேன். "உன்னோடதுதான்"னாரு. அது என் கன்னமே இல்ல. அப்ப நான் ஒல்லி. ஊர்ல யார வேணா கேளுங்க.

அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. அதுக்கப்புறம் தினமும் கதவச் சாத்துறதுக்கு முன்னாடி, ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு, அண்ணாந்து அதப் பார்த்து அவரத் திட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். முட்டி வலிக்குது, விலைவாசி ஏறிப்போச்சு, எல்லாம் உன்னாலதான்யான்னு. கேட்டுக்கும், பாவம். இப்ப அதையும் எடுத்துட்டு முட்டைய வச்சுட்டாங்க, அந்த முட்டையப் பார்த்து எத்தனதான் திட்டுறது? திட்டவே வரல தம்பி. அழுகைதான் வருது.

யாரு எடுத்தாங்களா? பேராசிரியர் ஹாகெடோர்ன். மராமத்துக்குப் பெரிய தலை. அவரு விதி என்னன்னா, அசல் இருக்கலாம், நடுவுல எவனாவது சேர்த்திருந்தா அது போயிடணும். அதுக்குப் பதிலா வைக்கிறது புதுசுன்னு பார்த்தாலே தெரியணும். அசலாட்டமே செஞ்சா அது ஏமாத்து வேலையாம். அதனாலதான் மூஞ்சியில்லாம.

மேயரக் கூட்டிக்கிட்டு வந்து சாரத்துல ஏறி, ஒவ்வொண்ணா தடவி, "அசல், அசல்"னு சொல்லிட்டே வந்தாரு. பதினேழாவதையும் தடவுனாரு. "அசல்"னாரு! நான் வாயே தொறக்கல. காபித் தட்ட ஏந்திக்கிட்டு செவனேன்னு நின்னேன். அதோட விட்டாரா மனுஷன்? "இந்தக் கன்னத்தப் பாருங்க, சிற்பி அரண்மனைச் சமையக்காரியப் பார்த்துச் செஞ்சிருக்கான், நல்லாத் தின்னு கொழுத்தவ"ன்னாரே! மேயர் சிரிக்கிறாரு. சாரம் கட்டுனவன் சிரிக்கிறான்.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? "யாரய்யா கொழுத்தவ? அது நான்! என் புருஷன் பல் டாக்டர் மாவுல செஞ்சது!"ன்னு கத்திட்டேன்.

பேராசிரியர் இறங்கி வந்து ரொம்ப மரியாதையா எனக்கு நன்றி சொன்னாரு. மறுநாள் கழட்டிட்டாங்க.

ஆமா… நான்தான். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க?

இப்ப அது நிலவறைல ஒரு பெட்டிக்குள்ள கிடக்கு. வீட்டுக்காவது குடுங்கன்னு பேராசிரியர்கிட்ட கேட்டேன். அரசாங்கச் சொத்தாம். அசலும் இல்லையாம், என்னோடதும் இல்லையாம். சரி, திரும்ப மேல வைங்கன்னேன். "பார்க்க வர்றவங்க அக்கறையா விசாரிச்சா யோசிக்கலாம், வியாழக்கிழமை கமிட்டி கூடுது"ன்னாரு. நாளைக்கு வியாழன் தம்பி. அதான் வர்ற ஒவ்வொருத்தருக்கும் செருப்பு மாட்டையிலேயே சொல்லி அனுப்புறேன். "ஏதாவது கேக்கணுமா"ன்னு யுட்டா கேப்பா. "பதினேழாவதோட மூஞ்சி எங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி, அவ்வளவுதான். எல்லாரும் தலைய ஆட்டிட்டுத்தான் போறாங்க. உள்ள போனா கேக்குறதே இல்ல.

அந்தா, கதவத் தொறந்துட்டா. போங்க, போங்க… இழுத்து நடங்க, இழுத்து! பதினேழு! மறந்துடாதீங்க!

…அட, போனதும் கேக்குறாரே! நல்ல பிள்ளை. கடைசிலதான் கேக்கச் சொன்னேன், பரவால்ல, இப்பவே கேக்கட்டும்… என்ன சொல்றாரு?

கக்கூஸா?

முற்றத்தத் தாண்டி இடது பக்கம், தம்பி! செருப்பக் கழட்டிட்டு ஓடுங்க, மழை பெய்யுது!

…திரும்பி வந்து கேளுங்க, என்ன? அந்த குண்டுக் கன்னம் எங்கன்னே கேளுங்க, கோவிச்சுக்க மாட்டேன். என் கன்னம்தான் அது.