ஆடி மூணாம் சனி

— இறங்க மாட்டேன். நீ அந்தக் கதைய இன்னொரு தடவ சொல்லு தம்பி. அப்புறம் இறங்குறேன்.

— மேடம், எல்லாரும் படகுல இருந்து இறங்கிச் சாப்பிடப் போயிட்டாக. கட்லா மீன் வறுவல் சூடா எடுத்து வச்சிருக்காக. ஆக்சுவலா சாப்பாடும் இந்த அரைநாள் டூர்ல சேந்ததுதேன்.

— மீன் எங்கயும் ஓடிராது. நடு ஆத்துல வச்சு மைக்ல சொன்னியே, வாட்ச்மேன் கத. ஒரு வார்த்த மாறாமச் சொல்லு.

— உங்களுக்கு அவ்வளவு புடிச்சிருச்சா மேடம்? செரி. “அந்தா தெரியுது பாருங்க, நாம காலையில சுத்திப் பாத்த இடிஞ்ச கோயில். அதுல எண்ணூறு வருசமா இருந்த ஐம்பொன் அம்மன், ரெண்டடி ஒசரம். தொண்ணூத்தெட்டாம் வருசம், ஆடி மூணாம் சனி. ஊரே குச்சனூர் கோயில் திருவிழாவுக்குப் போயிருச்சு. உச்சி வெயில். காவலுக்கு இருந்த வாட்ச்மேனே அம்மனப் பேத்து எடுத்து, கோணிச் சாக்குல சுத்தி, பரிசல்ல வச்சு, இதே தண்ணியில கொண்டு போயி வித்துப்புட்டான். சாமி சும்மா விடுமா? ஒரே வருசத்துல கை கால் இழுத்துக்கிட்டு, ரத்தம் கக்கிச் செத்தான்.” அவ்வளவுதேன் மேடம். இந்த இடத்துல எல்லாரும் ஒரு நிமிசம் கப்சிப்னு ஆயிருவாக.

— நானும் கப்சிப்னுதான் இருந்தேன். அந்த வாட்ச்மேனுக்குப் பேரு கிடையாதா?

— பேரு தெரியாது மேடம்.

— வேலுச்சாமி. எங்கப்பா.

— மேடம்…

— ரத்தம் கக்குனாருன்னியே, நீ பாத்தியா? அவரு செத்தது ரெண்டாயிரத்தி ஏழுல. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி கேட்டுல, ஸ்டூல்ல உக்காந்தபடி. அங்கயும் வாட்ச்மேன் வேலதான். நெஞ்சு வலி. காலடியில டிபன் பாக்ஸு தொறக்காம இருந்துச்சு. கையும் இழுக்கல, காலும் இழுக்கல.

— சாரி மேடம். சத்தியமா எனக்குத் தெரியாது.

— தெரியாதவனுக்கு ரத்தம் எங்க இருந்து வந்துச்சு?

— அது… பேசிக்கலா வர்றவுகளுக்கு ஒரு திரில் வேணும்ல. கொஞ்சம் எபெக்ட்டுக்குச் சேத்தது.

— எங்கப்பன் சாவு உனக்கு எபெக்ட்டா? நிமிந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எத்தன வருசமாச் சொல்ற?

— அஞ்சு வருசம்.

— தினம் ரெண்டு நட. நடைக்குப் பதினஞ்சு பேரு. நீயே பெருக்கிப் பாரு, எத்தன பேரு காதுல எங்கப்பன் திருடனாப் போயிருக்காருன்னு.

— ஆத்தா, கோவப்படாத. சின்னப்பய. கையில மைக்கக் குடுத்தா எதையாவது பேசத்தேன் செய்வான். என்னத்தச் சொல்ல. இறங்கு தாயி, வெயில் ஏறுது. இந்தத் தகரக் கூர தீயாக் காயும்.

— நீங்க பேசாம மோட்டாரப் புடிச்சிக்கிட்டு உக்காருங்க பிச்சைமணி மாமா. உங்ககிட்டயும் வர்றேன்.

— …என்னய அடையாளம் தெரியுதா?

— படகுல கால் வைக்கும்போதே தெரிஞ்சிருச்சு. மீசதான் நரைச்சிருக்கு. நீங்கதான் என் மூஞ்சியப் பாக்காம கயித்த அவுத்துக்கிட்டு இருந்தீக.

— நாகஜோதியா?

— அவளேதான்.

— மேடம்… அக்கா, நீங்க இவுகளுக்குத் தெரிஞ்சவுகளா?

— எங்க வீட்டுல இவரு கை நனைக்காத நாள் கிடையாது தம்பி. எங்கப்பாவும் இவரும் ஒத்த பீடிய ஆளுக்குப் பாதி இழுத்தவுக.

— செரிக்கா, நான் கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீக. கேசு போட்டாக, ஜெயில்ல வச்சாகன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாக. நெருப்பு இல்லாமயா…

— வச்சாக. தொண்ணூத்தேழு நாளு. வேலையவும் புடுங்குனாக. எட்டு வருசம் பெரியகுளம் கோர்ட்டுக்கு நடந்தாரு. கடைசியில, இந்த ஆளு மேல ஒரு சாட்சியம் கிடையாதுன்னு ஜட்ஜு விட்டுட்டாரு. தீர்ப்ப ஜெராக்ஸ் எடுத்து, திருப்பூர்ல இருந்து இங்க வந்து, ஊர்ல வீடு வீடாக் கொண்டு போயிக் குடுத்தாரு எங்கப்பா. மூணாம் நாளு டீக்கடையில அதையே கிழிச்சு, வட மடிச்சு அவரு கையிலயே குடுத்தாக. அந்த வடைய அவரு திங்கல. பேப்பர மட்டும் எண்ணெயத் தொடச்சு வீட்டுக்குக் கொண்டாந்தாரு. அதுக்கப்புறம் பத்து மாசந்தான் இருந்தாரு.

— தீர்ப்பு வந்தது எனக்குத் தெரியாதுக்கா.

— தெரிஞ்சிக்கணும்னு தோணுச்சா? அந்த ஆடி மூணாம் சனி எனக்குப் பத்து வயசு. பொன்னுக்கு வீங்கி. கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி வீங்கிக் கெடந்தேன். அம்மா எனக்காகத்தான் குச்சனூருக்கு வேண்டுதலுக்குப் போயிருந்துச்சு. அப்பா மத்தியானம் வந்தாரு. எனக்குக் கஞ்சி ஆத்திக் குடுத்தாரு, கன்னத்துல மஞ்சளும் வேப்பெலையும் அரைச்சுப் போட்டாரு, அப்புறம் அவரு சாப்பிட்டாரு. மொத்தம் முக்கா மணி நேரம். திரும்பிப் போனா அம்மன் இல்ல. இத நான் ஸ்டேசன்ல போயிச் சொன்னேன், கன்னத்துல பத்தோட. அங்கன இருந்த ஆளு சிரிக்கிறாரு. “பிள்ளைக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கான்யா” அப்படிங்கிறாரு.

— பச்சப்பிள்ள சொன்னதுக்கா சிரிச்சாக?

— பள்ளிக்கூடத்துல சாக்பீசு காணாமப் போனாலும் மொதல்ல என் பையத்தான் தொறந்தாக. ஏழாவதோட நிப்பாட்டி, சாமான்கள மூட்ட கட்டித் திருப்பூருக்குப் பஸ் ஏறுனோம். நான் செக்கிங் டேபிள்ல நின்னு நின்னு இப்ப சூப்பர்வைசரா இருக்கேன். தீவாளி லீவுக்கு எங்க கம்பெனிப் பிள்ளைக பத்துப் பேரு இந்த டூர் வந்துச்சுக. திரும்பி வந்து டீ டயத்துல சொல்லிச் சிரிக்குதுக. “அக்கா, உங்க தேனிப்பக்கம் ஒரு வாட்ச்மேன் சாமியவே வித்துப்புட்டானாமே!” நான் டீய வச்சிட்டுப் பாத்ரூம்ல போயித் தாப்பாப் போட்டுக்கிட்டு நின்னேன். அங்கன நின்னே போன்ல இந்த டிக்கெட்டப் போட்டேன்.

— இனிமே சொல்ல மாட்டேங்க்கா. எங்க ஆத்தா மேல சத்தியம்.

— அதுக்காக மட்டும் நான் வரல. செரி, இதுக்குப் பதில் சொல்லு. பரிசலு உனக்கு எப்படித் தெரியும்?

— எந்தப் பரிசலு?

— நீ மைக்ல சொன்னது. போலீசு கேசுல பரிசல் கிடையாது தம்பி. வேன்ல ஏத்திக் குமுளி வழியாக் கேரளாவுக்குக் கொண்டு போனாருன்னுதான் எழுதுனாக. எட்டு வருசக் கேசுக் கட்டும் என் பீரோவுல இருக்கு. ஒரு பக்கம் விடாமப் படிச்சிருக்கேன். பரிசல்ங்கிற வார்த்தையே அதுல இல்ல. கோணிச் சாக்கும் இல்ல. இதுவும் எபெக்ட்டுக்குச் சேத்ததா?

— இல்லக்கா. அது நான் சேத்ததில்ல. அது… பிச்சைமணிண்ணன் சொன்னது.

— ஏலே அசய்!

— நீங்கதானண்ணே சொன்னீக! நான் வேலைக்குச் சேந்த புதுசுல, இதே படகுல வச்சு. “சாக்கு நழுவி அம்மன் கை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு, வெயில் பட்டு மின்னுச்சு”ன்னு சொன்னீக. யாருண்ணே பாத்தான்னு கேட்டதுக்கு, “பாத்தவுக பாத்தாக, நீ சோலியப் பாரு”ன்னீக.

— பிச்சைமணி மாமா. அப்ப நம்ம ஊர்ல பரிசல் எத்தன இருந்துச்சு?

— என்னத்தச் சொல்ல… அது ஆச்சு ரொம்ப காலம்.

— எத்தன?

— ஒண்ணு.

— யாருது?

— …என்னுது ஆத்தா.

— எங்கப்பா சாப்பிட வரும்போது யாருகிட்டச் சொல்லிட்டு வருவாரு?

— என்கிட்டத்தேன். “மாப்ள, ஒரு பார்வ பாத்துக்க”ம்பாக.

— நல்லாப் பாத்துக்கிட்டீக.

— சாக்கக் கொண்டாந்து ஏத்தி, அக்கரையில விட்ருன்னாக. உள்ள என்னன்னு நான் கேக்கல. கேக்கலங்கிறது கூடப் பொய்தேன், கேக்கப் பயம். நடு ஆத்துல சாக்கு நழுவுச்சு. கை தெரிஞ்சிச்சு. பரிசலத் திருப்பியிருக்கலாம் தாயி. திருப்பல. அக்கரையில ஜீப்பு நின்னுச்சு, ஏத்துனாக, போயிட்டாக. மறுநா உங்கப்பனச் சட்டையக்கூடப் போட விடாம இழுத்துட்டுப் போறாக. நான் கூட்டத்தோட கூட்டமா நின்னு பாத்தேன்.

— எங்கம்மா உங்க வீட்டு வாசல்ல வந்து அழுதுச்சே. “எம்புருசன் சாப்பிடத்தேன் போனாருன்னு ஒத்த வார்த்த வந்து சொல்லுய்யா”ன்னு. வீட்டுல ஆளில்ல, வருசநாட்டுக்குப் போயிட்டாருன்னு சொன்னாக.

— உள்ளதேன் இருந்தேன்.

— உள்ள இருந்தீகளா?

— நெல்லுக் குலுக்கைக்குப் பின்னாடி. அது அழுதது அம்புட்டும் கேட்டுச்சு.

— அண்ணே! த்தூ!

— துப்பு அசய். துப்பு.

— பொறு தம்பி. மாமா, பயந்து வாய மூடுனீக. அதக் கூட ஒரு நாள் இல்லேன்னா ஒரு நாள் விட்டுருப்பேன். இந்தத் தம்பிகிட்டக் கத சொல்லும்போது எங்கப்பாவ எதுக்குப் பரிசல்ல ஏத்துனீக? செத்து எத்தன வருசம் ஆன மனுசன!

— பரிசலுங்கிறது வாய் தவறி வந்துருச்சு தாயி. அம்புட்டு வருசமா உள்ளயே கெடந்தது. துடுப்புப் போட்டது யாருண்ணேன்னு இவன் கேட்டுட்டான். என் பேரச் சொல்லவா முடியும்? இன்னொரு ஆளு வேணுமில்ல. வாட்ச்மேன்தேன்னு வாயில வந்துச்சு.

— அதுக்கப்புறம் அஞ்சு வருசம் தினம் ரெண்டு தடவ பின்னாடி உக்காந்து கேட்டுக்கிட்டே படகு ஓட்டுனீக.

— மோட்டாருச் சத்தத்தக் கொஞ்சம் கூட்டிக்குவேன்.

— என் வாயால சொல்ல வச்சிட்டீகளேண்ணே! ஒரு மனுசனுக்கு ரத்தம் கக்கச் சொன்னவன் நானுல்ல! கதையக் கேட்டுட்டு அந்தம்மா எனக்கு டிப்ஸ் குடுத்தாக, இந்த ஐயா குடுத்தாகன்னு உங்ககிட்டயே வந்து சொல்லியிருக்கேனே!

— கத்தாத தம்பி. கரையில சாப்பிடுறவுக திரும்பிப் பாக்குறாக. மாமா, எந்திரிங்க. ஸ்டேசனுக்குப் போவோம். சொன்னத அப்படியே அங்கன சொல்லுங்க.

— வர்றேன். எழுவது ஆச்சு, இனி எங்கன கெடந்தா என்ன. ஆனா மொதக் கேள்வி என்ன கேப்பாக? சாக்க ஏத்திவிட்டது யாருன்னு கேப்பாக.

— கேக்கட்டும், சொல்லுங்க. கேரளாக்காரங்களா?

— அக்கரையில ஜீப்புல நின்னவன் வெளியூரு. இக்கரையில ஏத்திவிட்டவுக நம்ம ஊரு. அப்ப செங்கச் சூளையில கூலிக்கு நின்னவரு. அடுத்த வருசமே சொந்தமா வேன் வாங்குனாரு. அப்புறம் லாட்ஜு. அப்புறம் தோப்பு. எனக்குக் கை நடுக்கம் தாயி, டம்ளர் தண்ணியச் சிந்தாமக் குடிக்க மாட்டேன். என்னயக் கூப்பிட்டு மோட்டார் படகக் குடுத்து, பதினஞ்சு உசுர ஏத்தி ஓட்டச் சொல்லிச் சோறு போடுறாருன்னா, எதுக்குன்னு நெனைக்கிற?

— அண்ணே… யாரச் சொல்றீக? நம்ம முதலாளியவா?

— டூர்ல எத விட்டாலும் வாட்ச்மேன் கதைய விட்ராதன்னு உன்கிட்டச் சொன்னது யாரு அசய்?

— அவுகதேன்… ஒரு நா தொண்ட கட்டி நான் சொல்லாம விட்டதுக்கு அம்புட்டு வஞ்சாக. நான் கூட, கத மேல அவ்வளவு ஆச போலன்னு நெனச்சேன்.

— உங்க முதலாளி பேரு என்ன தம்பி?

— ஈஸ்வரபாண்டி.

— ஈஸ்வரபாண்டியா? எங்கப்பா செத்ததுக்குத் திருப்பூர் வரைக்கும் மால வாங்கிட்டு வந்தது அந்த ஆளு ஒருத்தருதான். எங்கம்மா அவரு கையப் புடிச்சு, “நீங்க ஒருத்தராச்சும் நம்புனீகளே”ன்னு அழுதுச்சு.

— அக்கா… போன் அடிக்குது. அவுகதேன்.

— எதுக்கு?

— அடுத்த டிரிப்புக்கு ஆளுக வந்திருப்பாக. படக எடுக்கச் சொல்லக் கூப்பிடுறாக.

— உன் வேல தம்பி. நீ என்ன சொல்லணுமோ சொல்லிக்க.

— ஹலோ… ஆமாண்ணே, கரையிலதேன் நிக்கிறோம்… மோட்டாருக்கு ஒண்ணுமில்ல, படகு வராது… நான் சொல்றதக் கேளுங்க. வேலுச்சாமி மக வந்திருக்காக. பிச்சைமணிண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாக. நீங்க இங்கன வர்றீகளா, நாங்க அங்கன வரவா?