ஜன்னலில் நீட்டிய கை

விடியற்காலை நாலே முக்கால். வாலாஜாபாத் ரோட்டில் ஐயம்பேட்டையைத் தாண்டி, பாலாற்றுப் பக்கம் இறங்குகிற மண் பாதை. ஒரு பக்கம் நெல் வயல். மறுபக்கம் மூடிப்போன செங்கல் சூளை. ஸ்கூட்டி வெளிச்சம் விழுகிற தூரம் வரைக்கும்தான் பாதை… அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. போனையெல்லாம் அணைத்துவிடுங்கள், கீழேயிருந்து வெளிச்சம் அடித்தால் இதோ இந்தக் கமல் முகத்தைப் பார்த்தே பாதிப் பேர் எழுந்து ஓடிவிடுவீர்கள்.

அதோ, சுவரோரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாளே அனு, அவளுடைய நாத்தனார் கிரேஸுக்கு நடந்தது இது. அனு தானாகச் சொல்லவில்லை. இந்தத் தெருவில் யார்தான் எதைத் தானாகச் சொல்கிறார்கள்? கறக்கத்தான் வேண்டியிருந்தது.

கிரேஸுக்கு வேலை, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது. சின்ன காஞ்சிபுரத்தில் கலைவாணன் என்கிறவரின் லேப். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தமாம். ஊரில் காபி வாசனை கிளம்புவதற்குள் போய்க் குத்திவிட வேண்டும்.

அன்றைக்கு முதல் வீடு ரைஸ் மில் பரமசிவத்துடையது. நெஞ்சுக்குள் வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். மாத்திரை கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு. அதனால் வாராவாரம் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் கிரேஸை அவர் வீட்டுக்குள் விட்டதே கிடையாது. அவள் எந்தத் தெருப் பெண் என்று முதல் நாளே விசாரித்துத் தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து ஒரு சட்டம். முன்வாசலுக்கு வரக்கூடாது. மாட்டுக்கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்சந்து வழியாக வந்து, அவர் அறை ஜன்னலைத் தட்ட வேண்டும். கதவு பாதி திறக்கும். கம்பிகளுக்கு நடுவே ஒரு கை வெளியே வரும். குத்தி எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட வேண்டும். அந்த வீட்டுப் பொமரேனியன் சோபாவில் புரளலாம். கிரேஸின் கால் படியில் படக்கூடாது. அவள் பிடித்த ஊசி மட்டும் அவர் நரம்புக்குள் தாராளமாகப் போய் வரலாம். அதற்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது.

"பாத்துக் குத்துடி. உங்க ஆளுங்க கையில குடுத்தா எது உருப்பட்டிருக்குது?" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும். அவர் முகத்தை அவள் பார்த்ததே தேர்தல் பேனரில்தான்.

"கையை ஆட்டாதீங்க சார், அது போதும்."

"எனக்கே சொல்றியா? இரு, உன் மொதலாளிகிட்ட பேசறேன்."

பேசினார். வலித்தது என்று ஒரு தடவை. நரம்பு கிடைக்காமல் வெறும் கையோடு போனாள் என்று இன்னொரு தடவை. கலைவாணன் கிரேஸைக் கூப்பிட்டார்.

"இதபாரும்மா, அவரு ஒரு வார்த்த சொன்னா சுத்துப்பட்டு ஊரே வேற லேபுக்குப் போயிடும். இனிமே அந்த வீட்லருந்து ரத்தம் இல்லாம வந்தேன்னா, ஸ்கூட்டி சாவிய மேஜை மேல வச்சிட்டுப் போய்க்கினே இரு."

கிரேஸுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி. வருஷம் முடிந்தால் அனுபவச் சான்று கிடைக்கும். ஆஸ்பத்திரி வேலைக்கு மனுப் போடலாம். இருட்டில் ஜன்னல் தட்டுகிற பிழைப்பு தீரும். அதற்குள் சாவி மேஜைக்குப் போனால், இத்தனை நாள் வாங்கிக்கட்டிக்கொண்ட திட்டெல்லாம் வீண்.

ஆக… பின்சந்து.

ஸ்கூட்டியை நிறுத்தினாள். கொட்டகையில் மாடுகள் எல்லாம் எழுந்து நின்றிருந்தன. படுத்து அசைபோடுகிற நேரம் அது. ஒன்றுகூடப் படுக்கவில்லை. எல்லாம் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்குள்ளிருந்து 'ம்ம்ம்…' என்று ஒரு மோட்டார் சத்தம். புது ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். ஊதுபத்தி வாசனை… அதற்கடியில் சம்பங்கி வாசனை. கிழவருக்குத் திடீர் பக்தி என்று நினைத்தாள்.

தட்டினாள். டொக். டொக்.

கதவு பாதி திறந்தது. கை வந்தது.

திட்டு வரவில்லை. அப்போதாவது அவள் யோசித்திருக்க வேண்டாமா? வாயை வைத்தே வாழ்ந்த மனிதர். அவள் என்னவோ 'இன்றைக்கு நல்ல நாள்' என்று போன் வெளிச்சத்தைப் போட்டுக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு ரப்பர் பட்டையைக் கட்டினாள்.

கை ஜில்லென்று இருந்தது.

"ஏசி அதிகமா வச்சிக்கினீங்களா சார்?"



முழங்கை மடிப்பைத் தட்டினாள். நரம்பு எழும்பவில்லை. ஸ்பிரிட் தடவினாள். எப்போதும் ஊதுவதற்குள் காய்ந்துவிடும். காயவில்லை… மின்னிக்கொண்டே இருந்தது. குத்தினாள். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் தள்ளி மறுபடி குத்தினாள். பிசைந்து வைத்த மாவில் இறங்குகிற மாதிரி ஊசி இறங்கியது. கை சுருங்கவில்லை. விரல்கூட அசையவில்லை.

ஒரே கையில் இரண்டு தடவைக்கு மேல் குத்தக்கூடாது என்பது லேப் சட்டம். மேஜையும் அதன் மேல் சாவியும் அவள் கண்ணுக்குள் வந்து நின்றன.

"சார்… கோச்சிக்காதீங்க. இந்தக் கையில கெடைக்கல. இன்னொரு கையைக் குடுங்களேன்."



அப்புறம் கம்பி லேசாக அதிர்ந்தது. முதல் கை நீட்டியது நீட்டியபடியே இருக்க, பக்கத்து இடைவெளியில் இன்னொரு கை வெளியே வந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி.

இந்தக் கை சூடாக இருந்தது. நரம்பு கயிறு மாதிரிப் புடைத்து நின்றது. 'ஸ்தோத்திரம் ஆண்டவரே' என்று குத்தினாள். ரத்தம் பீறிட்டு வந்தது. நீல மூடிக் குழாய் ஒரே மூச்சில் நிறைந்தது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, முதல் கையில் விட்டுவைத்த பட்டையை அவிழ்க்கக் குனிந்தாள்.

அப்போதுதான் போன் வெளிச்சம் இரண்டு கையிலும் சேர்ந்து விழுந்தது.

இப்போது நீங்கள் எல்லோரும் கையை முன்னால் நீட்டுங்கள்… ம், நீட்டுங்கள். உள்ளங்கை மேலே. கட்டைவிரல் ஒன்று இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம் போகிறதா?

அங்கே போகவில்லை. இரண்டு கட்டைவிரலும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

இரண்டுமே இடது கை.

கிரேஸ் பஞ்சை விட்டுவிட்டுப் பின்னால் துள்ளினாள். மனிதர்கள் இருக்கிற இடத்துக்குப் போனால் போதும் என்று சாணியில் வழுக்கி, சுவரைப் பிடித்து, முன்வாசலுக்கு ஓடினாள். முதல் தடவையாகப் படியேறினாள்.

கூடத்தில் விளக்கு எரிந்தது. சுவரோரமாகப் பெண்கள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டி. 'ம்ம்ம்…' உள்ளே, பேனரில் பார்த்த அதே முகம். வயிற்றின் மேல் இரண்டு கைகள், கட்டைவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள்.

விழித்திருந்தவள் மருமகள் பிரவீனா மட்டும்தான். "யாரது? லேப் பொண்ணா? மாமா நேத்து சாயந்தரமே மெட்ராஸ் ஆஸ்பத்திரில போயிட்டாரு. ராத்திரிதான் எடுத்தாந்தாங்க. உனக்குச் சொல்ல யாருக்கு ஞாபகம் வந்துச்சி?" அப்புறம் அவள் பார்வை கீழே இறங்கியது. "மொதல்ல படிய விட்டு எறங்கு. பெரியவங்க முழிச்சிக்கினா எனக்குத்தான் பேச்சு."

சாவு வீட்டிலும் அதற்கு மட்டும் ஞாபகம் வந்தது, பாருங்கள்.

"அக்கா… அந்தப் பின் ரூம்ல யாரு?"

"யாரு இருப்பாங்க? பூட்டி வச்சிருக்குது. சாவி என் இடுப்புல இருக்குது."

குழாய் இன்னும் கிரேஸின் கைக்குள்ளேயே இருந்தது. அதன் சூடு ஆறவில்லை. திரும்பி வரும்போது ரோட்டோரக் கால்வாயில் அதை வீசினாள். மற்ற வீடுகளுக்குப் போகவில்லை. நேராக லேபுக்கு வந்து, கலைவாணன் கேட்பதற்கு முன்னால், ஸ்கூட்டி சாவியைத் தானே மேஜை மேல் வைத்தாள். சான்றும் வேண்டாம், ஆஸ்பத்திரி வேலையும் வேண்டாம்.

கலைவாணன் வாயெல்லாம் பல்லாகச் சாவியை அவள் பக்கமே தள்ளினார்.

"அட எடும்மா! பரமசிவம் சார் இப்பதான் போன் வச்சாரு. மனுசன் மொத தடவையா உன்னப் பாராட்டுறாரு. வலியே தெரியலையாம். இனிமே வாரத்துக்கு இல்ல, தெனம் வரணுமாம். வேற யாரும் வேணாம், நீதான் வரணுமாம்."

கிரேஸ் சாவியை மறுபடி அவர் பக்கமே தள்ளினாள். 

"ஆங், மறந்துட்டேன். இன்னைக்கு சாயந்தரம் வீடு மாத்துறாராம். ஆத்தங்கரைப் பக்கம் ஏதோ புது எடம். அங்க ஜன்னல் கெடையாது, பொண்ண நேரா உள்ளயே வரச் சொல்லுன்னாரு. பாக்கத்தான் சின்ன எடமாம்… ரெண்டு பேருக்குத் தாராளமாப் போதுமாம்."