பக்கத்துக் கட்டில் பால்

“ஹலோ… ஹலோ, அன்பு தானே? நான் மெர்சி சிஸ்டர் பேசறேன்பா, ஆஸ்பத்திரிலேர்ந்து… ஆங், ஆமா… இல்ல இல்ல, பயப்படாத, புள்ள நல்லா கீது. மொதல்ல நீ சொல்லு, அலமேலு எப்படி கீறா?… ரத்தம் ஏத்திட்டாங்களா?… எத்தினி பாட்டில்?… சரி. சரி. கண்ணத் தொறந்தாளா?… அப்பாடா.”

அப்பாடா என்ற சொல் வாயிலிருந்து வந்ததே தவிர மெர்சிக்கு உள்ளே ஒன்றும் ஆகவில்லை. பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருட உத்தியோகம். சந்தோஷத்துக்கும் சாவுக்கும் ஒரே முகம் வைத்துக்கொள்ளப் பழகியவள், இப்போது அந்த முகத்தைக் கழற்ற வராமல் வீட்டிலும் அதையே மாட்டிக்கொண்டு திரிகிறாள். இன்று விடிகாலை சேரப்பணஞ்சேரி அலமேலுவுக்குப் பெண் பிறந்து, ரத்தப்போக்கு நிற்காமல், 108 ஆம்புலன்சில் ஏற்றிச் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஷேர் ஆட்டோ ஓட்டும் புருஷன் அன்புவும் மாமியார் கோவிந்தம்மாவும் கூடவே ஏறிக்கொண்டார்கள். குழந்தை ஒன்றே முக்கால் கிலோதான், அலைக்கழிக்க வேண்டாம், இங்கேயே சூட்டு விளக்கின் கீழ் இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

“எங்க நின்னுகினு பேசற?… அவ கட்டிலாண்டயா? சரி. விஷயம் இன்னான்னா, புள்ளைக்குப் பசி. பவுடர் பால் ஊத்துனோம், ரெண்டு தபாவும் கக்கிடுச்சு… இல்லப்பா, பயப்படாதன்னு சொன்னேன்ல. எடை கம்மி, தாய்ப்பால்தான் தங்கும்னு டாக்டரம்மா சொல்றாங்க… அவ எப்படி வருவா, அவளே அங்க படுத்துகினு கீறா… ஆமா… ஆமா, அதான் கேக்கறேன். இங்க பக்கத்துக் கட்டில்ல பாண்டிச்செல்வின்னு ஒரு பொண்ணு. நேத்து காத்தால பிரசவம். பால் நல்லா சுரக்குது. அவ குடுத்தா உனக்குச் சம்மதமா?”

‘குடுத்தா’ என்றாள். முழுப் பொய் இல்லை, உண்மையும் இல்லை. அவள் நின்ற இடத்திலிருந்து தலையைத் திருப்பினால் வார்டு முழுக்கத் தெரியும். மூன்றாவது கட்டிலில் பாண்டிச்செல்வி சுவரில் சாய்ந்திருக்க, அன்புவின் மகள் ஏற்கெனவே அவள் மார்பில் கிடந்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன் பிரசவ அறையில் இன்னொருத்தி அலறினாள். “செத்த நேரம் புடிச்சிக்கோம்மா” என்று குழந்தையைப் பாண்டிச்செல்வி மடியில் போட்டுவிட்டு ஓடியது மெர்சிதான். வந்து பார்த்தால் குழந்தை குடித்துக்கொண்டிருந்தது. பிரித்து எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. கேட்டுவிட்டுச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுக் கேட்கிறாள். அந்த வீட்டார் முறைத்துக்கொண்டால் வேலைக்கே உலை வைத்துவிடும்.

“அவ குழந்தையா?… அவ குழந்தை இல்லப்பா. வயித்துலயே தவறிடுச்சு… ம்… ம்… கோயில்பட்டி பக்கம். ஒரகடத்துல கார் ஒயர் கட்டற கம்பெனி, லைன்ல நிக்கற பொண்ணு… புருஷனா? நேத்து பொதச்சிட்டு வந்தான். சும்மா குந்திகினு இருந்தா பைத்தியம் புடிச்சிரும்னு இன்னிக்கு ஷிப்டுக்குப் போயிட்டான்… ஆமா, தனியாதான் கீறா… டெஸ்ட்டு எல்லாம் எடுத்தாச்சுப்பா, ஒரு நோயும் இல்ல, அட்டையில நானே பாத்துட்டேன்… அம்மாவக் கேக்கணுமா? நீ தானய்யா அப்பன்?… சரி. குடு.”

மெர்சி போனைக் காதிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிடித்தாள்.

“வணக்கம்மா… கேக்குது, நல்லா கேக்குது… மருமக பொழச்சாளே, அதுக்கு மொதல்ல… சரி. சரிம்மா… இன்னா ஆளுங்களா? அது எனக்குத் தெரியாது. ரத்த குரூப்பு எழுதிக் கீது, பி பாசிட்டிவ். வேற ஒண்ணும் எழுதல… அப்படியா? உங்க மருமகளுக்கு இப்ப ஏறுதே, அந்த பாட்டில்ல இன்னா ஆளுங்கன்னு எழுதிக் கீதா? பாத்துட்டு வந்து சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்…”

கோவிந்தம்மா பாட்டிலைப் பார்க்கப் போகவில்லை. அடுத்த காரணத்தை எடுத்துக்கொண்டாள்.

“புள்ளய வாரிக் குடுத்தவ பாலு ஆகாதா?… யாரு சொன்னது?… இல்லம்மா, நான் சண்ட போடல… ராசிக்கு நான் இன்னா பண்ணட்டும்? என்கிட்ட கீறது பாலுதான்… ம்… ம்… அம்மா, ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் கேளுங்க. குடிச்சிடுச்சு.”

மெர்சி போனை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

“ஆமா, குடிச்சிடுச்சு. உங்களக் கேக்காமதான். நான்தான் அவ மடியில போட்டேன்… எழுதிக் குடுங்க. டாக்டரம்மாகிட்ட குடுங்க, கலெக்டர்கிட்ட வேணும்னாலும் குடுங்க… எடுக்கணுமா? இப்பவேவா?… நான் எடுக்க மாட்டேம்மா. நேத்துலேர்ந்து அந்தப் பொண்ணு ஒரு வார்த்த பேசல. அழல. குழந்தையத் துணியில சுத்தி எடுத்துகினு போறப்பகூட மொகத்தத் திருப்பிப் பாக்கல. இட்லிய வாயில வெச்சா வெச்சது வெச்சபடி நிக்குது. இப்ப கை… கை மட்டும் புள்ளையத் தட்டிக் குடுத்துகினு கீது. நீங்க வந்து எடுத்துக்கோங்க. என்னால ஆவாது.”

குரலை உயர்த்தாமல் கணக்கு ஒப்பிப்பது போலத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் பயமாக இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் பயப்பட ஏதோ மிச்சமிருக்கிறதே என்று ஆச்சரியமாகவும் இருந்தது. மறுமுனையில் போன் கை மாறும் சத்தம்.

“ஹலோ… அம்மா? இருக்கீங்களா?… யாரு?… அலமேலுவா? உன்கிட்ட யாரும்மா போனக் குடுத்தது? பேசாத, படு… கேட்டுட்டியா எல்லாத்தையும்?… ம்… நெறஞ்சிடுச்சும்மா. வயிறு நெறஞ்சி அப்படியே தூங்கிடுச்சு… ஒண்ணுக்கும் போயிட்டா… கக்கல. ஒரு சொட்டு கக்கல… சம்மதமா? நெஜமாவா? நீ சொன்னாப் போதும், பெத்தவ நீதான்… சரி. சரிம்மா. உங்க அத்தைய நீயே சமாளி… நாளைக்கு டாக்டரம்மா பாத்துட்டு விட்டாங்கன்னா புள்ளைய வண்டியில அங்க அனுப்பிச்சிடறோம்… வந்துடும்மா, உனக்கும் பால் வந்துடும், வாயில வெக்க வெக்க வந்துடும்…”

பிறகு அலமேலு வேறொன்றைக் கேட்டாள்.

“…அவளுக்கா? புள்ளைய அனுப்பிச்சிட்டா அவ இன்னா பண்ணுவான்னா கேக்கற?”

மூன்றாவது கட்டிலில் பாண்டிச்செல்வியும் இப்போது தூங்கிப்போயிருந்தாள். தூக்கத்திலும் கை தட்டிக்கொண்டிருந்தது. இதற்குப் பதிலை அலமேலுவிடம் ஏன் சொல்ல வேண்டும், ரத்தம் போய்ப் படுத்திருப்பவள் என்று மெர்சிக்குத் தோன்றியது. ஆனால் வார்டில் இன்று இந்தக் கேள்வியைக் கேட்டவள் வேறு யாருமில்லை.

“அவளுக்குப் பால் நிக்கறதுக்கு மாத்திர எழுதிக் கீதும்மா… காத்தாலயே குடுக்க வேண்டியது. நான்தான் குடுக்கல… ஆமா. உன் புள்ள சத்தம் கேட்டுகினே இருந்திச்சா, குடுக்க மனசு வரல… நாளைக்கு வண்டி கெளம்பினதும் குடுத்துடுவேன்… அலமேலு… அழாதம்மா, உடம்பு தாங்காது… இல்ல, புள்ள நாளைக்குப் போயிடும்னு அவகிட்ட இன்னும் சொல்லல… ஹலோ… ஹலோ?”

லைன் அறுந்துவிட்டது.