கிழக்கே இன்னும் கொஞ்சம்

வெர்லின்: இப்ப தெரியுதா, ஆர்டிஸ்?

ஆர்டிஸ்: தெரியுது. கறுப்புத் திரையில என் மூஞ்சி.

வெர்லின்: அதுவும் நல்ல நிகழ்ச்சிதான்...

ஆர்டிஸ்: என்ன சொன்னீங்க?

வெர்லின்: ஒண்ணுமில்ல. கைப்பிடி இறுகிக் கிடக்குன்னேன்.

ஆர்டிஸ்: இறுகாம என்ன செய்யும்? மேல ஏத்தாமலே திருப்பறீங்க. படுத்துக் கிடக்கிற ஆன்டெனா எதைப் பார்க்கும்? உங்க வண்டிக் கூரையத்தான் பார்க்கும்.

வெர்லின்: ஓ... முதல்ல ஏத்தணுமா?

ஆர்டிஸ்: சுத்துங்க. கடிகார முள்ளு சுத்தற பக்கம். இன்னும்... இன்னும்... முட்டுதா?

வெர்லின்: முட்டிடுச்சு.

ஆர்டிஸ்: இந்த வீட்டு வண்டிய வாங்கி எத்தனை நாளாச்சு?

வெர்லின்: மூணு மாசம்.

ஆர்டிஸ்: மூணு மாசமா டி.வி. இல்லாமலா ஊர் சுத்தறீங்க?

வெர்லின்: விஷயம் தெரிஞ்சவங்க யாரும் பக்கத்துல வந்து நிக்கல. இந்த முகாமுக்கு வந்த நாலு நாளா உங்க வண்டியத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்.

ஆர்டிஸ்: வண்டியையா?

வெர்லின்: வண்டியத்தான். முப்பதடி வண்டிய ஒரே தடவையில பின்னால எடுத்து, மரத்துக்கும் மேசைக்கும் நடுவுல சொருகினீங்களே! ஆம்பளைங்க நாலு பேரு காப்பிய ஆறவிட்டு வாயப் பிளந்து நின்னோம்.

ஆர்டிஸ்: இருபத்துநாலு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவ நான். சவுத் டகோட்டா பனியில, பின்னாடி அறுபது பிள்ளைங்க கத்த. இது என்ன... வாயில்லாத பஸ். சரி, கைப்பிடிக்கு மேல இருக்கிற வளையத்தக் கீழ இழுத்துப் பிடிச்சுக்கிட்டு மெதுவா திருப்புங்க.

வெர்லின்: எந்தப் பக்கம்?

ஆர்டிஸ்: ஜன்னல் வழியா மத்த வண்டிங்களப் பாருங்க. எல்லார் ஆன்டெனாவும் எங்க பார்க்குது?

வெர்லின்: ஆத்துக்கு அந்தப் பக்கம். கிழக்க.

ஆர்டிஸ்: டி.வி. கோபுரம் அங்கதான் இருக்கு. ஊரோட ஒத்துப் போங்க.

வெர்லின்: என் பொண்டாட்டி மர்னாவும் இதையேதான் சொல்லுவா. நாப்பது வருஷம் சொன்னா, பாவம். நான் கேட்டதே இல்ல.

ஆர்டிஸ்: அவங்க போய்...

வெர்லின்: வர்ற பிப்ரவரியோட நாலு வருஷம். உங்களைப் பத்திக்கூட ஒண்ணு கேள்விப்பட்டேன். நாளைக்குக் காலையில வண்டிய ஒருத்தர்கிட்ட வித்துடப் போறீங்களாம்.

ஆர்டிஸ்: யாரு... முகாம் அலுவலகத்துல உக்காந்திருக்காளே, அந்த ட்ரீசாவா?

வெர்லின்: நான் கேட்கல. அவளாத்தான் சொன்னா.

ஆர்டிஸ்: அவளுக்கு இருக்கிறது வாயில்ல, ஒலிபெருக்கி. அது என் மகன் டாரின் பண்ண ஏற்பாடு. என் வீட்டுக்காரர் டெல்பர்ட் தவறிப் போனதிலேருந்து அவனுக்கு ஒரே பாட்டு. "அம்மா, தனியா எப்படி? தண்ணிக் குழாய் மாட்டணும், கழிவுத் தொட்டிய காலி பண்ணணும், ஆன்டெனா திருப்பணும்..."

வெர்லின்: அதெல்லாம் நீங்கதானே பண்றீங்க!

ஆர்டிஸ்: அப்பவும் நான்தான். டெல்பர்ட்டுக்கு ஒரு ஆணியடிக்கத் தெரியாது. ஒரு தடவை ஆன்டெனாவ இறக்காமலே கிளம்பி, பெட்ரோல் பங்க் கூரையில இடிச்சு அதப் பிடுங்கிட்டு வந்தவரு. அதுலேருந்து ஆன்டெனாவ ஏத்தினா, இறக்கணும்னு ஞாபகத்துக்கு வண்டிச் சாவியில துணிக் கிளிப் ஒண்ண மாட்டிடுவேன்.

வெர்லின்: பிறகு என்ன கஷ்டம்?

ஆர்டிஸ்: கஷ்டமெல்லாம் இல்ல. நான் திருப்புவேன், அவரு திரையப் பார்த்து "வந்துடுச்சு"ம்பாரு. அவரு செஞ்ச ஒரே வேலை அதுதான். இப்ப நானே திருப்பி, நானே ஓடி வந்து பார்த்து, மறுபடி நானே... சரி, அத விடுங்க. கிழக்க இன்னும் கொஞ்சம்.

வெர்லின்: இப்ப?

ஆர்டிஸ்: கட்டம் கட்டமா உடையுது... ஒரு மூக்கு வருது... போச்சு! தாண்டிட்டீங்க. திரும்பி வாங்க. ஒரு முடி அளவு.

வெர்லின்: எனக்கு முடியே இல்லையே, எந்த அளவுன்னு எப்படித் தெரியும்?

ஆர்டிஸ்: வெர்லின்!

வெர்லின்: இதோ, இதோ... அந்த ரிமோட்ட இப்படிக் கொடுங்க.

ஆர்டிஸ்: அட... அட! வந்துடுச்சு! வெர்லின், வந்துடுச்சு! அக்கார்டியன் பெட்டி வாசிக்கிறாங்க, தொப்பிக்காரர் ஒருத்தர் ஆடறாரு!

வெர்லின்: சனிக்கிழமை அஞ்சு மணி போல்கா ஆட்டம் பாட்டம். அதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

ஆர்டிஸ்: போல்கா கேட்டு எத்தனை நாளாச்சு... என் காலப் பாருங்க, சொல்பேச்சு கேட்க மாட்டேங்குது. என்னமோ வாசனை வருதே?

வெர்லின்: சிஸ்லிக். ஆட்டுக்கறிய துண்டு போட்டு வறுத்து வச்சிருக்கேன். பூண்டுப்பொடி தூவி.

ஆர்டிஸ்: எத்தனை பேருக்கு?

வெர்லின்: அது... கொஞ்சம் கூடிப் போச்சு.

ஆர்டிஸ்: கூடித்தான் போகும். ஒண்ணு கேட்கறேன். ஆன்டெனா நின்னதும் ரிமோட்ட வாங்கி, திரையக்கூடப் பார்க்காம நாலு பட்டன் தட்டிப் புதுசா சேனல் தேட வச்சீங்களே. அதை நான் சொல்லித் தரலையே?

வெர்லின்: கறி ஆறுது, முதல்ல சாப்பிடுங்க.

ஆர்டிஸ்: வெர்லின்?

வெர்லின்: முப்பத்தொரு வருஷம் டி.வி. கோபுரத்துல ஏறி வேலை பார்த்தவன் நான். ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்குதே, அதுலயும் ரெண்டு தடவை ஏறியிருக்கேன்.

ஆர்டிஸ்: அடப் பாவி மனுஷா! ஏத்தணுமான்னு கேட்டீங்களே, பச்சைப் பிள்ளையாட்டம்!

வெர்லின்: சிரிக்காதீங்க. ஆயிரத்து ஐந்நூறு அடி ஏறினவன், உங்க கதவத் தட்ட வந்து மூணு தடவை பாதியிலயே திரும்பிட்டேன். நாளைக்கு நீங்க போயிடுவீங்க. வேற சாக்கு கிடைக்கல.

ஆர்டிஸ்: நாளைக்கு நான் எங்கயும் போகல.

வெர்லின்: என்னது?

ஆர்டிஸ்: காலையிலயே டாரினுக்கு ஃபோன் போட்டு, வண்டி விக்கறதுக்கில்ல, குளிர்காலம் வந்ததும் வெயிலடிக்கிற டெக்சாஸ் பக்கம் போறேன்னு சொல்லிட்டேன். அவன் கத்தினான், கத்தட்டும்னு விட்டுட்டேன்.

வெர்லின்: அப்ப ட்ரீசா ஏன் மத்தியானம் என்கிட்ட அப்படிச் சொன்னா?

ஆர்டிஸ்: நான்தான் உங்ககிட்ட அப்படிச் சொல்லச் சொன்னேன். இங்கதான் இருப்பேன்னு தெரிஞ்சிருந்தா, நீங்க நிதானமா அடுத்த மாசம்தான் கதவத் தட்டியிருப்பீங்க.